எல்லாச் செல்லும் ஒளிர்ந்த காலை

போன வாரம் நான் நம் பழைய ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒரு பெண் வராந்தாவிலேயே என்னைப் பிடித்து நிறுத்திக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்புப் பின்னணியில் நெல் செல்கள் ஒன்று விடாமல் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. "சூப்பர் இல்ல மேடம்?" என்றாள். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, வில்லியனூர் பஸ் போய்விடுமே என்று கிளம்பிவிட்டேன். வீடு வந்து சேர்ந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நுழைத்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குப் பேச்சு ஓடும். ஒரு பயிரின் மரபணுவில் ஓர் இடத்தில் சின்னத் திருத்தம் செய்ய வேண்டும். அதற்கு வெளியிலிருந்து ஒரு மரபணுவைக் கொண்டுபோய்ப் பயிருக்குள் குடி வைக்கும் வழி ஒன்று உண்டு. நம் வழி அதுவல்ல. திருத்தம் செய்கிற புரதத்தையே நேராகச் செல்லுக்குள் அனுப்புகிறோம். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வேலை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவதுபோல, புரதம் தன் வேலையைச் செய்துவிட்டுச் செல்லுக்குள்ளேயே கரைந்து மறைந்துவிடும். வெளியார் யாரும் அங்கே தங்குவதில்லை.

சொல்வதற்குச் சுலபம். தாவரச் செல்லைச் சுற்றி மதில்போல ஒரு சுவர் இருக்கிறது. அதைக் கரைத்தால் உள்ளே மெல்லிய தோல் மட்டும் போர்த்திய செல் உருண்டையாக வெளியே வரும். பிறந்த குழந்தையைக் கையாளுவதுபோல அதைக் கையாள வேண்டும். அது மிதக்கும் சர்க்கரைக் கரைசலின் அளவு கொஞ்சம் பிசகினாலும் வெடித்துப்போகும். அந்தத் தோலைச் சற்றே இளக்கிப் புரதத்தை உள்ளே விடுவதற்குப் பிசுபிசுப்பான ஒரு திரவத்தைச் சேர்க்கிறோம். புரதம் உள்ளே போனதா என்று பார்க்க, அதோடு ஒளிரும் பச்சை ஒன்றை ஒட்டி அனுப்புகிறோம். பச்சை தெரிந்தால் உள்ளே போயிருக்கிறது. அப்படித்தான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எங்கள் கையில் இருந்தது பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து விவசாயிகள் விடாமல் போட்டுவந்த ஓர் உயர நெல். சோறு அத்தனை ருசி. கதிரும் கனமாக வரும். ஆனால் ஆள் உயரம் வளர்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் காற்றோடு மழை பிடித்தால் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். தண்ணீரில் கிடந்த கதிர் அங்கேயே முளைக்கும். வேறெதையும் தொடாமல் உயரத்தை மட்டும் குறைத்தால் போதும். அதுதான் திட்டம்.

அதில் என்னோடு இருந்தவளை ஜெயசீலி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவாள். வில்லியனூர் மாதா கோயில் பக்கம் வீடு. அப்பா அம்மா இருவரும் ஊரார் வயலில் நாற்று நட்டு, களை பறித்து அவளைப் படிக்க வைத்தவர்கள். அந்தத் தெருவில் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான். தெருக்காரர்களுக்கு டாக்டர் என்றால் மருந்து கொடுக்கிற டாக்டர்தான். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "நான் நெல்லுக்குத்தான் டாக்டர், ஒங்களுக்கு இல்ல" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அவள் செல்களோடு பேசுவாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, "உள்ள வுடுடி கண்ணு, ஒன்ன இன்னா பண்ணிடப் போறேன்?" என்று கொஞ்சுவாள். விடாவிட்டால், "ரொம்பத்தான் பண்ற, போடி" என்று கோபித்துக்கொள்வாள். பக்கத்து அறைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பாரபட்சம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது. திட்டம் இருக்கும் வரைதான் அவளும் இருப்பாள். திட்டத்தின் காலமோ முடியப் போகிறது. வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும், அவர்கள் தொடரலாம் என்றால் தொடரும், இல்லையென்றால் ஆய்வகத்தின் அந்த மூலையைப் பூட்டிவிடுவார்கள். அவளுக்கு வெளியூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைப்பதாக இருந்தது. "போகச் சொன்னா போவேன் மேடம். ஆனா அங்க மாத்திரைய எண்ணிகினு உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முகம் சிரிக்கவில்லை.

குழு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பச்சை வர ஆரம்பித்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாக வந்தது. ஜெயசீலி பிசுபிசுப்புத் திரவத்தைக் கொஞ்சம் கூட்டினாள், பச்சை கூடியது. செல்கள் அதில் கிடக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினாள், இன்னும் கூடியது. கூடக் கூட உற்சாகம், உற்சாகம் கூடக் கூட இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒரு தட்டில் எல்லாச் செல்களும் ஒளிர்ந்தன. எங்கள் நிறுவனத்தின் தலைவர் அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். நல்ல மனிதர். கட்டடம் ஒழுகுவதிலிருந்து ஜெனரேட்டருக்கு டீசல் போடுவது வரை எல்லாம் அவர் தலையில்தான். காட்டிக்கொள்ள ஒன்று கிடைத்ததே என்ற சந்தோஷம் அவருக்கு. ஊரிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்தது.

குழு வந்த அன்று காலை, எல்லாருக்கும் முன்னால் நான் நுண்ணோக்கி அறைக்குப் போனேன். படங்களைப் பார்த்திருந்தேனே தவிர, அந்தத் தட்டை என் கண்ணால் நான் அதுவரை பார்க்கவில்லை. ஜெயசீலி புதுச் சேலையில், தலையில் கனகாம்பரத்தோடு, ஸ்லைடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை வைத்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏனென்று சொல்கிறேன். நம் புரதத்தில் அது போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரி எழுதியிருக்கிறது. செல்லின் நடுவில் இருக்கும் உட்கருதான் அந்த இடம். உயிருள்ள செல் அந்த முகவரியைப் படித்துப் புரதத்தை உட்கருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படியானால் நடுவில் ஒரு புள்ளிதான் பளிச்சென்று தெரிய வேண்டும். இங்கேயோ ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே பச்சை. உள்ளே போன புரதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே யாரும் இல்லை.

"நீலச் சாயம் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன். செத்த செல்லுக்குள் அந்தச் சாயம் ஏறிவிடும், உயிருள்ள செல் அதை உள்ளே விடாது. நம் வேலையில் மிகச் சாதாரணமான சோதனை அது.

"அதெல்லாம் ஆரம்பத்துல போட்டுகினு இருந்தோம் மேடம். இப்பதான் உள்ள போறது கண்ணுக்கே தெரியுதே, அப்பறம் இன்னாத்துக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஸ்லைடுகளை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். நான் நகர்ந்துகொண்டேன். அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். அன்றைக்கு அவள் செல்களோடு எதுவும் பேசவில்லை.

பக்கத்துக் கூடத்தில் குழு வந்து உட்கார்ந்துவிட்டது. வடையும் டீயும் போய்க்கொண்டிருந்தன. ஜெயசீலி அதே தட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயத்தைக் கலந்தாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. பார்த்தோம். எல்லாம் நீலம். ஒளிர்ந்த செல்களில் உயிரோடு இருந்ததாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை.

நடந்தது என்னவென்று சொல்லாமலே இருவருக்கும் புரிந்துவிட்டது. திரவத்தைக் கூட்டக் கூட, நேரத்தை நீட்ட நீட்ட, செல்கள் செத்துக்கொண்டே வந்திருக்கின்றன. செத்த செல் யார் வந்தாலும் உள்ளே விடும். எத்தனை சாகிறதோ அத்தனை பச்சை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் வாரா வாரம் கைதட்டியிருக்கிறோம். வேறு தொழிலில் இந்தத் தப்பு நடக்காது. செத்தது விளக்குப் போட்டதுபோல ஒளிர்வதும், உயிரோடு இருப்பது இருட்டாகக் கிடப்பதும் நம் நுண்ணோக்கிக்குக் கீழேதான்.

ஜெயசீலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன், எனக்கு அது சரியாகவும் பட்டது. "நீ பேச வேணாம். இது என் ஆய்வகம். நான் எழுந்து சொல்லிடறேன். திட்டெல்லாம் என் மேல விழட்டும்" என்றேன். அவள் அழுவாள், சரி என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் அழவில்லை. "வேணாம் மேடம்" என்றாள். "நீங்க எழுந்து சொன்னா, நான் செத்ததக் காட்டி ஏமாத்தப் பாத்தவ, நீங்க புடிச்சிட்டீங்கன்னு ஆயிடும். நானே சொன்னா, நானே பாத்து நானே சொன்னவ. விஷயம் ஒண்ணுதான். ஆனா நான் வேற ஆளாயிடுவேன் மேடம்."

அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்து, அவளிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் இப்படியொரு சங்கடம் இருக்கிறது. உங்களுக்குக் கீழே நாளைக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்காகப் பேசக் கிளம்பும் முன், பேச வேண்டிய வாய் உங்களுடையதுதானா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

தலைவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கையில் பாதி வடை. "இப்ப போய் ஏம்மா கிளறணும்? வந்தவங்க பாத்துட்டுப் போகட்டும், அப்புறமா சரி பண்ணிக்கலாம். படம் ஒண்ணும் பொய் இல்லையே?" என்றார்.

"படம் பொய் இல்ல சார். செல்தான் செத்துப்போச்சு."

அவர் என்னைப் பார்த்தார், வடையைப் பார்த்தார். "என்னவோ பண்ணுங்க" என்று உள்ளே போய்விட்டார். மதியத்துக்குள் அந்த ஸ்டேட்டஸ் காணாமல்போனது.

கூடத்தில் ஜெயசீலி முதலில் பச்சைப் படத்தைப் போட்டாள். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். அடுத்து, சற்றுமுன் கைபேசியில் எடுத்த நீலப் படத்தைப் போட்டாள். "இது ரெண்டும் ஒரே தட்டு. உள்ள போனதுன்னு நாங்க நெனச்சதெல்லாம் செத்த செல். நான் அதிகமா திரவம் சேத்து, அதிக நேரம் வச்சுக் கொன்னிருக்கேன்" என்றாள். கடைசி வரிசை வரை கேட்டது.

குழுவுக்குத் தலைமை தாங்கி வந்திருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எப்பப் பாத்தீங்க?"

"இப்பதான் மேடம். நீங்க டீ குடிச்சிகினு இருந்தப்போ."

யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. குழுவில் விவசாயிகள் சார்பில் ஒருவர் இருந்தார், தணிகாசலம் என்று பெயர், கரியமாணிக்கத்துக்காரர். அந்த உயர நெல்லையே சாகுபடி செய்பவர். அவர் கையைத் தூக்கினார்.

"அப்போ உசுரோட இருக்கிற செல்லு இன்னாமா பண்ணுது?"

"உள்ள வுட மாட்டேங்குது ஐயா."

"ஒண்ணுகூடவா?"

"ஆரம்பத்துல கொஞ்சமா திரவம் போட்டப்போ ஒண்ணு ரெண்டு மங்கலாத் தெரிஞ்சுது. படம் நல்லா இல்லன்னு தள்ளிட்டோம். அது உசுரோட இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது ஐயா, சாயம் போடாம வுட்டுட்டோம்."

பொய் சொல்ல அத்தனை வசதியான இடம் அது. இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், காலம் நீட்டிக் கொடுத்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அவளைப் பெற்ற அம்மா அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மின்விசிறியைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டேன்.

குழு கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. வெளியே வந்து அம்மையார் சொன்னது கறாராக இருந்தது. ஒரு வருஷம் தருகிறோம், இனிமேல் படம் வேண்டாம், செடி கொண்டு வாருங்கள், செடி இல்லாவிட்டால் மூடிவிடலாம். ஜெயசீலிக்கும் அந்த ஒரு வருஷம் கிடைத்தது. மருந்துக் கம்பெனியை அவள் கைவிட்டுவிட்டாள். அது புத்திசாலித்தனமா என்று எனக்கு அப்போது நிச்சயமில்லை. தலைவர் எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வேலை தலைகீழானது. திரவத்தைக் குறைத்தோம், நேரத்தைக் குறைத்தோம். பச்சையும் குறைந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் முதலில் நீலச் சாயம், உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பச்சை. நாள் முழுக்கப் பார்த்தால் தட்டு இருட்டாகத்தான் இருக்கும். செல்கள் உயிரோடு, ஆரோக்கியமாக, எங்களை மதிக்காமல் உட்கார்ந்திருக்கும். ஜெயசீலி மறுபடியும் அவற்றைக் கொஞ்சவும் திட்டவும் ஆரம்பித்தாள். பக்கத்து அறைக்காரர்களுக்கும் அப்போதுதான் நிம்மதி.

ஒரு மத்தியானம் அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நுண்ணோக்கியில் ஏகப்பட்ட இருட்டுக்கு நடுவே ஒரே ஒரு செல். அதன் நடுவில் மங்கலாக ஒரு பச்சைப் புள்ளி. நான் கேட்பதற்குள், "சாயம் ஏறல மேடம்" என்றாள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் லென்ஸில் தூசி என்பார்கள். நாங்கள் இருவரும் போய் ஆளுக்கொரு பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு அதுபோல இன்னும் சில கிடைத்தன. அந்தச் செல்களைப் பெருகவிட்டுக் கட்டியாக்கி, கட்டியைத் தளிராக்கி, தளிரை வேர்விடச் செய்வதற்குள் பட்ட பாட்டை எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். பெரும்பாலானவை பாதியிலேயே போயின. பிழைத்தவற்றிலும் திருத்தம் சரியாக விழுந்தவை வெகு சில. வருஷம் முடிவதற்குள் வலைக்கூடத்தில் ஒரு தொட்டியில் குட்டையாக ஒரு நெல் நின்றது. கதிர் மட்டும் குட்டையில்லை.

மறுபடி குழு வந்தபோது ஜெயசீலி ஸ்லைடு எதுவும் கொண்டுவரவில்லை. இரண்டு தொட்டிகளை மேசைமேல் வைத்தாள், ஒன்றில் பழைய உயர நெல், ஒன்றில் புதியது. உயரமானது கதிர் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அம்மையாரின் தோளைத் தொட்டது. மற்றது நேராக நின்றது. அம்மையார் தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த இடத்தில் திருத்தம், அனுப்பிய புரதம் மிச்சம் இருக்கிறதா, விதையை முளைக்கவிட்டுப் பார்த்தீர்களா. ஜெயசீலி தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தணிகாசலம் ஐயா எழுந்து வந்து குட்டை நெல்லின் கதிரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். ஒரு மணியைக்கூட உதிர்க்கவில்லை. உதிர்க்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தோம். இது வயலுக்கு வர இன்னும் எத்தனை சோதனை இருக்கிறது, எத்தனை அனுமதி வாங்க வேண்டும் என்று தலைவர் அவருக்கு விளக்க ஆரம்பித்தார். ஐயா பாதியில் கையமர்த்தினார்.

"அது வரும்போது வரட்டும்பா. இந்தப் பொண்ணுக்கு வருஷம் முடியுதுன்னு சொன்னாங்க." ஜெயசீலியைப் பார்த்தார். "செடி இருக்கட்டும்மா. நீ இருக்கியா, போறியா?"

கூடமே தலைவரைத் திரும்பிப் பார்த்தது. சொல்ல வேண்டியவர் அவர்தான். வருஷம் முழுக்க எங்களைப் பார்த்தாலே திரும்பிக்கொண்ட மனிதர், அப்போது முதல்முறையாக ஜெயசீலியை நேராகப் பார்த்தார், வாயைத் திறந்தார். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல நாக்கு துறுதுறுத்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு அவளே சொன்னாள்.

"இருக்கேன் ஐயா."

தலைவர் திறந்த வாயை மூடி, மெதுவாகத் தலையாட்டினார்.